கடலோர வீட்டுத் தொட்டியில் பிற மீன்களோடு கில்லி மீன் வளர்க்கும் முறை

கில்லி (killifish) எனப்படும் சிறு மீன் வகைகளில், பல வகை மீன்கள் கூடி வாழும் தொட்டிக்கு எதை வாங்குவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட அப்லோகைலஸ் லீனியேட்டஸ் என்னும் இனத்தையே நான் பரிந்துரைப்பேன். கடைகளில் 'கோல்டன் வொண்டர்' என்று விற்கப்படும் பொன்னிற மீன் இதன் வளர்ப்பு வகைதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் நோத்தோபிராங்கியஸ் என்னும் கில்லி கண்ணைப் பறிக்கும் அழகுடையது என்றாலும், அது மழைக்குட்டையில் பிறந்து, குட்டை வற்றுவதற்குள் சேற்றில் முட்டையிட்டு மடியும் மீன். ஐப்பசி மழையில் நிறைந்து கோடையில் வெடித்துக் கிடக்கும் நம் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கை எளிதில் விளங்கும். ஆயுளும் குறைவு, ஆண்களும் ஓயாமல் மோதிக்கொள்ளும் என்பதால் அதற்குத் தனித் தொட்டியே நல்லது.

கோல்டன் வொண்டர் 10 செ.மீ. வரை வளரும். இரண்டரை அடி நீளத் தொட்டியில் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் போதும். அதன் வாய்க்குள் நுழையக்கூடிய எந்த மீனும் அதற்கு இரைதான். ஆகவே நியான் டெட்ராவையும் கப்பிக் குஞ்சுகளையும் சேர்க்காதீர்கள். செர்ரி பார்ப், அடியில் மேயும் கோரிடோரஸ், குஹ்லி லோச் ஆகியவை பொருந்தும். துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் வேண்டாம். மூடி கட்டாயம்: நீர்மட்டத்தை விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் தாழ்த்தி, ஃபில்டர் குழாய் நுழையும் சிறு இடைவெளியையும் பஞ்சால் அடையுங்கள், ஏனெனில் அந்த அளவு துளை வழியாகவே அது வெளியே பாய்ந்துவிடும்.

நம் கடற்கரையில் உண்மையான சிக்கல் தண்ணீர்தான். கிணற்று நீர் பல ஊர்களில் உவர்ப்பானது. ஒரு சித்திரை மாதம் முழுவதும், ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக நான் கிணற்று நீரையே ஊற்றி வந்தேன். நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிச் சேருகிறது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. கோரிடோரஸ் ஒவ்வொன்றாக இறந்தன; கில்லியோ எதுவும் நேராததுபோல் மேல்மட்டத்தில் அசையாமல் நின்றது. உப்பைத் தாங்கும் அந்த மீனின் நலத்தை வைத்துத் தண்ணீரை மதிப்பிடாமல், அடியில் வாழும் மீனைப் பார்த்தே மதிப்பிட வேண்டும் என்பதை அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன். குறைந்த நீரைச் சேமித்த மழைநீரால் அல்லது ஆர்.ஓ. நீரால் மட்டும் நிரப்புங்கள். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுவதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரை, குளோரின் நீங்க ஒரு நாள் முழுவதும் காற்றூட்டி வைத்துப் பயன்படுத்தலாம். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் மூடிக்குப் பதில் கொசுவலையைக் கட்டி, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிடுங்கள்.

அழகுக்காகப் பவளக் கல்லும் சங்கும் போடும் வழக்கம் இங்கு உண்டு. அவை கரைந்து நீரின் கடினத்தன்மையை ஏற்றும். அதைவிட முக்கியமாக, பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா 1986இல் அமைக்கப்பட்டதே அவ்வுயிர்களைக் காக்கத்தான். நீர்மேல் ஆகாயத்தாமரையை மிதக்கவிட்டு, அதன் வேர் நிழலில் கில்லி ஒதுங்க இடம் கொடுத்தாலே தொட்டி நிறைவாக இருக்கும்.

உணவில் நமக்குத் தனி வசதி இருக்கிறது. மீன்களுக்கு உயிருணவாகும், உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிரான ஆர்ட்டீமியாவின் முட்டைகளைப் பொரிக்க மற்றவர்கள் உப்பு கரைக்க வேண்டும். நாம் ஒரு பாட்டில் தெளிந்த கடல்நீரை எடுத்து, அரைச் சிட்டிகை முட்டை போட்டுக் காற்றுக்குழாயைச் செருகினால் போதும். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பழுப்பு நிற நீர் ஆரஞ்சாக மாறும். காற்றை நிறுத்திவிட்டு, பாட்டிலின் ஒரு பக்கம் டார்ச் அடித்தால் ஓடுகள் மேலே மிதக்க, உயிருள்ள குஞ்சுகள் ஒளியை நோக்கி ஆரஞ்சுத் திட்டாகத் திரளும். அவற்றை உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசி இடுங்கள். வளர்ந்த கில்லிக்குக் கொசுப்புழுவும் பிடிக்கும். ஆனால் அதை வளர்க்கவென்று திறந்த பாத்திரத்தில் நீர் தேக்கி வைக்காதீர்கள்.

பெண் மீன் வேர்களில் ஒட்டும் முட்டைகள் சிறியவை, விரலால் எடுத்தாலும் நசுங்காத உறுதி கொண்டவை. தொட்டியிலேயே விட்டால் மற்ற மீன்கள் தின்றுவிடும் என்பதால் அவற்றைத் தனிக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத்தில் பொரிக்கும். மிகுந்த குஞ்சுகளை ஊரணியில் விடாமல், வளர்க்க விரும்புபவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.