ஏற்காடு மலைப்பாதைக்குக் கூடுதல் விளக்கு: எதை வாங்குவது, எங்கே பூட்டுவது, எப்படி ஒயர் இழுப்பது

அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் பிக்கப்புக்கும், உளுந்தூர்பேட்டை சாலையில் நேராக ஓடும் வண்டிக்கும் ஒரே விளக்கு சரிப்படாது. சமவெளியில் ஒளி தூரம் போகவேண்டும், மலையில் அகலமாக விரியவேண்டும். வளைவில் வண்டி திரும்பும்போது ஸ்பாட் லைட்டின் குறுகிய, நீண்ட ஒளி பள்ளத்தாக்குப் பக்கம் காற்றில் போய்விடும். முன்சக்கரம் ஏறப்போகும் இடம் இருட்டாகவே கிடக்கும். கடைக்காரர் "அண்ணே, ஒரு கிலோமீட்டர் அடிக்கும்" என்று காட்டும் லைட் இந்த மலைக்கு ஆகாது.

பொலிரோ பிக்கப், கேம்பர், டி-மேக்ஸ், தார் போன்ற 12 வோல்ட் வண்டிகளை வைத்தே இங்கே சொல்கிறோம். 24 வோல்ட் லாரிக்கு என்ன மாறும் என்பது பின்னால் வருகிறது.

எந்த விளக்கு

எஸ்டேட் மண்பாதையும் மலைச்சாலையும் சேர்ந்து ஓடும் வண்டிக்கு முதல் செலவு ஒரு ஜோடி ஃபாக் லைட், அதாவது மூடுபனிக்கென்று தாழ்வாகவும் அகலமாகவும் அடிக்கும் விளக்கு. ஒளியின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடாக நிற்கவேண்டும், பக்கவாட்டில் 60 டிகிரிக்குக் குறையாமல் விரியவேண்டும். கடையில் சுவரைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். மேல்விளிம்பு மங்கலாக மேலே கசிந்தால் அது ஃபாக் லைட் இல்லை, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ஃபிளட் லைட். மூடுபனியில் அந்தக் கசிவுதான் வெள்ளைத் திரையாகக் கண்ணுக்குத் திரும்பி வரும்.

மஞ்சளா வெள்ளையா என்று நிறைய சண்டை நடக்கிறது. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் இரண்டு நிறமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறும், மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது சரியில்லை. ஆனால் 6500 கெல்வின் நீலவெள்ளையைவிட 3000 கெல்வின் மஞ்சள் கண்ணைக் குறைவாகக் கூசவைக்கும். மழையில் நனைந்த தார்ச்சாலையிலும் நிம்மதியாக இருக்கும். எனவே மஞ்சள் வாங்குங்கள், ஆனால் மேல்விளிம்பின் நேர்கோடும் பூட்டிய இடத்தின் தாழ்ந்த உயரமும் சரியாக இருந்தால்தான் அந்த மஞ்சளுக்குப் பலன்.

இரண்டாவது ஜோடி டிரைவிங் லைட், ஹை பீமோடு சேர்ந்து தூரம் காட்டுவது. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் எஸ்டேட் சாலைகளில் காட்டெருமை நிற்பதை முன்கூட்டியே பார்க்க இது உதவும். இதற்கும் ஊசிபோன்ற ஸ்பாட் வேண்டாம். 20 முதல் 40 டிகிரி விரியும் காம்போ (ஸ்பாட்டும் ஃபிளட்டும் கலந்தது) போதும். பெட்டியில் போட்டிருக்கும் லூமென் கணக்கை நம்பவேண்டாம். கேண்டலா எண் (ஒரு திசையில் ஒளி எவ்வளவு வலுவாகப் போகிறது என்ற அளவு) கொடுத்திருந்தால் அதன் வர்க்கமூலம் எடுங்கள், ஒரு லக்ஸ் வெளிச்சம் எத்தனை மீட்டர் போகும் என்பது வந்துவிடும். 40,000 கேண்டலா என்றால் 200 மீட்டர். மலைச்சாலையில் 200 மீட்டர் நேராகத் தெரியும் இடமே அபூர்வம்.

வாட் மோசடியைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, பேட்டரிக்கும் லைட்டுக்கும் நடுவில் தொடராக இணைத்துப் பாருங்கள். 40 வாட் லைட் 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் அளவுக்கு இழுக்கவேண்டும். "180 வாட்" என்று எழுதிய பார் 4 ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால் அது 48 வாட். எழுத்துக்குத் தனியாகக் காசு கொடுக்கவேண்டியதில்லை.

நீர்காப்பு ஐபி67-க்குக் குறையக்கூடாது (ஐபி என்பது தூசும் தண்ணீரும் புகாமல் தாங்கும் தர எண்). அதிலும் ஒரு விஷயம் உண்டு. ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்குவது, வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைத் தாங்குவது அல்ல. அதற்கு ஐபி69கே என்று தனி அளவு இருக்கிறது. எரிந்து சூடான விளக்கோடு ஓடைக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். காற்றுத்துளை வால்வு வைத்த விளக்குகளில் இந்தத் தொல்லை குறைவு.

கூரை மேல் நீளமான எல்இடி பார் பற்றி: பார்க்க ஜோராக இருக்கும். டிசம்பர் பனியில் போட்டால் கண்ணாடிக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும், பானட்டும் பளபளத்துக் கூசும். இந்த மலைக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

சட்டம்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 111, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, கம்பெனி அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. 2017 டிசம்பரில் மத்திய அரசு இதைக் காட்டித்தான் புல் பார், கிராஷ் கார்டு மேல் நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே விளக்குக்காகப் புல் பார் வாங்கவேண்டாம். டிரைவிங் லைட்டை எஸ்டேட்டுக்குள் மட்டும் எரியுங்கள், பொதுச்சாலையில் உறை போட்டு மூடி வையுங்கள். உறை போட்டதால் மட்டும் அனுமதி கிடைத்ததாக ஆகாது. சந்தேகம் இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்புக்காட்டு ஓரத்தில் இரவில் பெரிய லைட் அடித்துக்கொண்டு நின்றால் வனத்துறைக்கு வேட்டைச் சந்தேகம் வருவது இயல்பு.

எங்கே பூட்டுவது

ஃபாக் லைட் தாழ்வாக, தரையிலிருந்து 40 முதல் 60 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் எஸ்டேட் பாதையின் கல் அடிக்கும். டிரைவிங் லைட் ஹெட்லைட் உயரத்தைத் தாண்டக்கூடாது. கிரில்லுக்கு நேர் முன்னால் 7 அங்குல உருண்டை இரண்டைப் பூட்டினால் ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் போகும் காற்று தடைபடும். லோடோடு இரண்டாம் கியரில் மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் அதைக் காட்டிவிடும். ஓரமாகத் தள்ளிப் பூட்டுங்கள்.

பிளாஸ்டிக் பம்பரில் நேராகத் துளை போட்டுப் பூட்டினால் சில மாதத்தில் துளை கிழியும். அதற்கு முன்பே ஒளி நடுங்க ஆரம்பிக்கும். பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்பு பீம் அல்லது சேசிஸ் முனைதான் பிடிமானம். ஏர்பேக் உள்ள வண்டியில் முன் சென்சார் இருக்கும் இடத்தைப் பார்த்து அதை விட்டுத் துளையிடுங்கள்.

பிராக்கெட் சாதா இரும்பில் 5 மி.மீ., ஸ்டெயின்லெஸ் என்றால் 3 மி.மீ. தகடு. உருக்காலை இருக்கும் சேலத்தில் ஸ்டெயின்லெஸ் வெட்டி வளைத்துக் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்க்கிற சோதனை இங்கே உதவாது, விலை குறைந்த 202 கிரேடும் காந்தத்தில் ஒட்டாது. கையை நீட்டியது மாதிரி நீளமான 'எல்' பிராக்கெட்டைவிட, குட்டையான 'யு' பிராக்கெட் அதிர்வைத் தாங்கும். போல்ட் எம்8 அல்லது எம்10, கூடவே அகல வாஷரும் நைலாக் நட்டும். அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்து, போல்ட் இறுகிவிடும். மரையில் ஆன்டி சீஸ் பசை தடவிவிட்டால் பிறகு கழற்ற வரும்.

ஒயரிங்

பணத்தை எங்கே குறைக்கலாம் என்று கேட்டால், லைட்டில் குறையுங்கள், ஒயரில் வேண்டாம். விளக்கு அணைவதும் வண்டி புகைவதும் பெரும்பாலும் ஒயரிங் தப்பினால்தான்.

40 வாட் எல்இடி இரண்டு என்றால் 6.7 ஆம்பியர். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், போக 3 மீட்டர், திரும்ப 3 மீட்டர். இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். பழைய பாணியில் 100 வாட் ஹாலஜன் இரண்டு போடுபவர்களுக்கு 16.7 ஆம்பியர். அதே நீளத்துக்கு 1 சதுர மி.மீ. ஒயர் இழுத்தால் 1.75 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஹாலஜன் வெளிச்சத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் காணாமல் போகும், ஒயரும் சுடும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஃபியூஸ் ஒயரைக் காப்பதற்கு. எனவே பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். 40 வாட் எல்இடி ஜோடிக்கு 10 ஆம்பியர், 20 வாட் ஃபாக் ஜோடிக்கு 5 ஆம்பியர். அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் ஃபியூஸ் செருகுவது தீயை வண்டிக்குள் அழைப்பது. எங்கேயோ ஒயர் உரசுகிறது, அதைத் தேடுங்கள்.

ரிலே (ஸ்விட்சின் சிறு மின்சாரத்தால் விளக்கின் பெரிய மின்சாரத்தை ஆன் ஆஃப் செய்யும் பெட்டி) நான்கு முனை, 30 அல்லது 40 ஆம்பியர். முனை 30-க்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி. 87-லிருந்து விளக்கு. 85 எர்த் (வண்டியின் இரும்பு உடல், நெகட்டிவ்). 86-க்கு ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர். ஐந்து முனை ரிலேயில் 87ஏ என்று நடுவில் ஒன்று இருக்கும். அதில் கொடுத்துவிட்டால் ஸ்விட்சை அணைத்திருக்கும்போது விளக்கு எரியும், காலையில் பேட்டரி படுத்திருக்கும். ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டினால் தண்ணீர் தங்காது.

ஸ்விட்சுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டிரைவிங் லைட் ஸ்விட்சுக்கு ஹை பீம் ஒயரிலிருந்து எடுங்கள். வளைவில் எதிரே பஸ் வந்து நீங்கள் டிம் செய்த நொடியில் அதுவும் சேர்ந்து அணையும், இன்னொரு ஸ்விட்சைத் தேடவேண்டாம். ஃபாக் லைட்டுக்குப் பார்க்கிங் லைட் ஒயர். அப்போது டிம்மிலும் எரியும், சாவி எடுத்து எல்லாம் அணைத்தால் மறந்தும் எரிந்துகொண்டிருக்காது. சில வண்டிகளில் ஹெட்லைட்டை நெகட்டிவ் பக்கம் ஆன் ஆஃப் செய்கிறார்கள். ஹை பீம் போட்டும் போடாமலும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள். புதிய மாடல்களில் கம்ப்யூட்டர் துடிப்பு துடிப்பாக மின்சாரம் அனுப்பும், ரிலே 'டர்ர்' என்று அடிக்கும். அங்கே அந்த வண்டிக்கென்று வரும் கப்ளர் செட்டே சரி. கம்பெனி ஒயரை வெட்டினால் வாரண்டியும் கேள்விக்குள்ளாகும்.

எர்த்தைப் பெயிண்ட் மேல் பூட்டவேண்டாம். சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். ஒரு விளக்கு மங்கலாகவும் ஒன்று பிரகாசமாகவும் எரிந்தால் மங்கலானதன் எர்த்தை முதலில் பாருங்கள்.

ஒயரைப் பின்னி டேப் சுற்றுவது இன்ஜின் சூட்டில் நிற்காது, பசை உருகி டேப் அவிழும். சரியான அளவு லக் வைத்துக் கிரிம்ப் செய்து, பலமாக இழுத்துப் பார்த்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஈயம் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேதான் முறியும். நெளிகுழாயில் விட்டு, 30 செ.மீ.க்கு ஒரு டை. டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் போகவேண்டாம். கேபினுக்குள் நுழையும் துளையில் ரப்பர் குரோமெட் கட்டாயம்.

24 வோல்ட் லாரிக்கு: 10 முதல் 30 வோல்ட் வரை என்று போட்ட எல்இடி அப்படியே எரியும், ஆனால் ரிலே 24 வோல்ட் காயில் உள்ளதாக இருக்கவேண்டும். 12 வோல்ட் விளக்குக்காக இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுப்பது பரவலான குறுக்குவழி. அந்த ஒன்று எப்போதும் குறைவாக நிற்கும், மற்றது அதிகமாகச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். இரண்டும் சேர்ந்து போகும்.

குறி வைப்பது

சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், வழக்கமாக ஏற்றும் லோடும் பின்னால் இருக்கட்டும். இதைச் சும்மா சொல்லவில்லை. காபி மூட்டை ஏற்றிப் பின்பக்கம் 5 செ.மீ. அமுங்கினால், 3 மீட்டர் வீல்பேஸில் முன்பக்கம் கிட்டத்தட்ட 1.7 சதவீதம் தூக்கிக்கொள்ளும். காலி வண்டியில் வைத்த குறி அத்தோடு போயிற்று.

ஃபாக் லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் கோடு போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 20 செ.மீ. கீழே நிற்கவேண்டும். விளக்கு 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த விளிம்பு 25 மீட்டரில் தரையைத் தொடும். ஈரமான சமதரையில் 30 கி.மீ. வேகத்தில் நிறுத்த ஏறக்குறைய 22 மீட்டர் பிடிக்கும், 40-இல் 34 மீட்டர் பிடிக்கும், இறக்கத்தில் இன்னும் கூடும். அதாவது கனத்த பனியில் 30-ஐத் தாண்டினால் உங்கள் வெளிச்சத்துக்கு வெளியே ஓட்டுகிறீர்கள். தூரம் பார்க்கலாம் என்று குறியை உயர்த்தினால் பனிதான் அதிகம் தெரியும்.

டிரைவிங் லைட்டுக்கு அதன் நடு உயரத்தில் தனிக் கோடு போடுங்கள், ஒளியின் நடுப்புள்ளி அந்தக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே. எஸ்டேட் வளைவுகளுக்கு இரண்டையும் ஆளுக்கொரு பக்கம் சற்று வெளியே திருப்பலாம். போல்டை இறுக்கும்போது குறி நகரும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள்.

100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கி, பெயிண்ட் பேனாவால் நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகினால் நட்டு லூஸ் என்று குனிந்து பார்த்தாலே தெரியும். செம்மண் படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் பாலிகார்பனேட் கீறி மங்கும், முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் வண்டியில் எலி ஒயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து நெளிகுழாயைக் கையால் தடவிப் பார்த்துவிடுங்கள், கடித்த இடம் ஃபியூஸுக்கு முந்தைய துண்டில் இருந்தால் தீயைத் தடுக்க எதுவும் இல்லை.