குறும்பதிவுத் தளத்தில் முதல் கணக்கு: மதுரைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

வைகையில் தண்ணீர் வரும் மழைக்காலங்களில் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றும். யானைக்கல் தரைப்பாலம் மூழ்கிக் கிடக்கும். எடுத்தது யார், எந்த வருடத்துத் தண்ணீர் என்று அனுப்பியவருக்கும் தெரியாது, அவருக்கு அனுப்பியவருக்கும் தெரியாது.

எக்ஸ் (பழைய ட்விட்டர்), புளூஸ்கை, த்ரெட்ஸ், மாஸ்டடான் போன்றவை சின்னச் சின்னப் பதிவுகள் எழுதும் குறும்பதிவுத் தளங்கள். இவற்றில் ஒரு பதிவை ஆயிரம் பேர் பகிர்ந்தாலும், முதலில் எழுதியவரின் பெயரும் எழுதிய நேரமும் அதோடு சேர்ந்தே போகும். அந்தப் பெயரைத் தொட்டால் அவர் இதற்கு முன் என்னவெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேட்கலாம். பொய்யும் சண்டையும் அங்கேயும் நிறைய உண்டு. ஆனாலும் 'யார் சொன்னது?' என்று தேடிப் போக வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், இதைக் கற்றுக்கொள்ள இந்த ஒரு காரணமே போதும்.

இது எப்படி இயங்குகிறது

வாட்ஸ்அப் குழுவில் உங்களை யாராவது சேர்க்க வேண்டும், அல்லது சேர்வதற்கான இணைப்பை அனுப்ப வேண்டும். அதிகபட்சம் 1024 பேர்தான் இருக்க முடியும். ஃபேஸ்புக்கில் நட்பு என்றால் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். குறும்பதிவுத் தளத்தில் பொதுவாக யாரை வேண்டுமானாலும் பின்தொடரலாம், அவர் உங்களைத் திரும்பப் பின்தொடர வேண்டியதில்லை. நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்களோ, அவர்கள் எழுதுவது உங்கள் டைம்லைனில், அதாவது தளத்தைத் திறந்ததும் தெரியும் பதிவு வரிசையில், வந்து விழும். உங்களைப் பின்தொடராதவரும் உங்கள் பதிவைத் தேடிப் படிக்கலாம்.

பதிவுகள் சின்னதாக இருப்பதற்குக் காரணம் எஸ்எம்எஸ். 2006-இல் ட்விட்டர் தொடங்கியபோது பதிவுகள் எஸ்எம்எஸ் வழியாகத்தான் போய்வந்தன. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து. அதில் 20-ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கிவிட்டு, மீதி 140-ஐப் பதிவுக்கு வைத்தார்கள். 2017-இல் அது 280 ஆனது. 2023-இல் ட்விட்டர் 'எக்ஸ்' என்று பெயர் மாறியது.

படி 1: தளத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் ஊர்ச் செய்திகளுக்கு இன்றைக்கு எக்ஸ்தான் வசதி. மதுரை மாவட்ட ஆட்சியர், மாநகரக் காவல்துறை, ரயில்வே கோட்டம், தமிழ்ச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. இன்ஸ்டாகிராம் கணக்கு இருப்பவர்கள் அதைக் கொண்டே த்ரெட்ஸுக்குள் நுழைந்துவிடலாம். புளூஸ்கை 2024-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அமைதியாகப் படிக்க நினைப்பவர்களுக்கு நல்ல இடம், ஆனால் மதுரைக்காரர்கள் அங்கே குறைவு.

மாஸ்டடானுக்கு ஒரே முதலாளி கிடையாது. பல சர்வர்கள் (கணக்குகளை வைத்திருக்கும் கணினிகள்) தனித்தனியாக இயங்கி, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குக் கடிதம் போகிறதே, அதே மாதிரி. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். ஆனால் சர்வரைத் தேர்ந்தெடுப்பதிலேயே புதியவர்கள் களைத்துப்போகிறார்கள், அதனால் முதல் தளமாக இதைச் சொல்ல மாட்டேன்.

படி 2: கணக்கு, தமிழ் விசைப்பலகை

மின்னஞ்சல் அல்லது போன் எண் கொடுத்துக் கணக்கைத் திறங்கள். கடவுச்சொல்லோடு இரண்டடுக்குப் பாதுகாப்பையும் (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) உடனே போட்டுவிடுங்கள். அறிமுக வரியில் ஊரையும் எதைப் பற்றி எழுதுவீர்கள் என்பதையும் சொன்னால் போதும். 'உசிலம்பட்டி. விவசாயம், மழை, பஸ்' என்று இருந்தாலே படிக்கிறவருக்கு உங்களைப் பின்தொடரலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் அமைப்புகளுக்குப் போய், மொழிகளில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்99 என்ற விசை அமைப்பைப் பழகியவர்களுக்கு வேகம் கூடும். தட்டச்சு சிரமமென்றால் மைக்கை அழுத்திப் பேசலாம். பேசியபின் ஒரு முறை படித்துத் திருத்துங்கள், ஊர்ப்பெயர்களை அது அடிக்கடி சிதைக்கும்.

படி 3: முதல் வாரம் படிக்க மட்டும்

எடுத்ததும் எழுத வேண்டாம். முதலில் ஒரு இருபது முப்பது கணக்குகளைப் பின்தொடருங்கள்: மாவட்ட நிர்வாகம், வானிலை ஆய்வு மையம், ஓரிரு செய்தி நிறுவனங்கள், உங்கள் தொழிலில் இருப்பவர்கள், ஊரைப் பற்றித் தொடர்ந்து எழுதும் சாதாரண மனிதர்கள். கடைசி வகையினர்தான் முக்கியம்.

எக்ஸில் மேலே 'ஃபார் யூ', 'ஃபாலோயிங்' என்று இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவது, நீங்கள் எதில் நின்று பார்க்கிறீர்கள் என்பதைக் கணித்துத் தளம் தானாகத் தருவது. கோபப்பட்டு ஒரு சண்டையில் இறங்கினால், அடுத்தடுத்து சண்டையாகவே வரும். இரண்டாவதில் நீங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் இருப்பார்கள். புதியவர்கள் அங்கேயே இருங்கள்.

நீல டிக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2023-இலிருந்து எக்ஸில் அது பணம் கட்டினாலே கிடைக்கிறது. அரசுக் கணக்குகளுக்குச் சாம்பல் நிற டிக் தருகிறார்கள்.

படி 4: முதல் பதிவு

'வணக்கம் நண்பர்களே' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. உங்கள் கண்ணுக்கு முன்னால் நடப்பதை எழுதுங்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் மல்லிகை கிலோ என்ன விலைக்குப் போனது என்பது, அங்கே நிற்கும் உங்களுக்குச் சாதாரண விஷயம். நிலக்கோட்டையில் பூ பறித்துக்கொண்டிருப்பவருக்கு அது வருமானம்.

ஒரு மாதிரி பார்ப்போம்:

'நவ. 8, மாலை 5.30. யானைக்கல் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, போலீஸ் தடுப்பு வைத்திருக்கிறார்கள். சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம் போகிறவர்கள் ஏ.வி. பாலம் வழியாகப் போங்கள். நேரில் பார்த்தது. #மதுரை #வைகை'

பதிவின் நேரத்தைத் தளமே காட்டுமே, பிறகு ஏன் தேதி? யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலும் கீழும் வெட்டி வாட்ஸ்அப்பில் போடுவார்கள். அப்போது பெயரும் நேரமும் போய்விடும், நீங்கள் எழுதிய வாக்கியம் மட்டும் மிஞ்சும். தேதி அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருந்தால் அடுத்த மாதம் யாரும் அதை வைத்துப் பயமுறுத்த முடியாது. 'நேரில் பார்த்தது' என்பதும் அப்படித்தான். கேள்விப்பட்டதாக இருந்தால் 'பக்கத்துக் கடைக்காரர் சொன்னது' என்று எழுதுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இந்தப் பதிவு 280-க்குள் தாராளமாக அடங்கும். ஆனால் தமிழில் எண்ணிக்கை நாம் நினைப்பதைவிட வேகமாகத் தீரும். 'மீனாட்சி' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. எக்ஸ் கணக்கில் எட்டு, ஏனென்றால் துணைக்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. புளூஸ்கை அதை நான்காகவே எண்ணும். அதன் எல்லை 300 என்றாலும் தமிழுக்கு அங்கே இடம் கூடுதல்.

படி 5: ஹேஷ்டேக்

2007-இல் கிறிஸ் மெசினா என்பவர் # குறியை வைத்துப் பதிவுகளைத் தொகுக்கலாம் என்று யோசனை சொன்னார். அப்படி # போட்டு எழுதும் சொல்தான் ஹேஷ்டேக், தமிழில் குறிச்சொல். ஒரே குறிச்சொல் உள்ள பதிவுகள் எல்லாம் ஒரே தேடலில் வரும்.

தமிழில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. '#மதுரையில் மழை' என்று எழுதினால் அது #மதுரை என்ற தொகுப்புக்குள் போகாது. #மதுரையில் என்பது தனிக் குறிச்சொல் ஆகிவிடும். வேற்றுமை உருபு ஒட்டினாலே தொகுப்பு மாறிவிடுகிறது. அதனால் வாக்கியத்தை இயல்பாக எழுதி முடித்துவிட்டு, குறிச்சொற்களைக் கடைசியில் உருபில்லாமல் வையுங்கள். இடைவெளியும் ஆகாது: '#வைகை அணை' என்றால் 'வைகை' மட்டும்தான் சிக்கும். #வைகை_அணை என்று அடிக்கோடு போடுங்கள். இரண்டு மூன்று குறிச்சொல் போதும்.

இதன் பலத்தை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் உட்கார்ந்திருந்தவர்களின் படங்கள் குறிச்சொற்கள் வழியாக உலகம் முழுக்கப் போயின. அரிட்டாபட்டிப் பகுதி டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். அதே மாதம் மத்திய அரசு அந்தச் சுரங்க உரிமைக்கான ஏலத்தை ரத்து செய்தது. அதைச் சாதித்தது வெயிலில் நடந்த மக்கள்தான். குறும்பதிவுகள் அவர்கள் குரலை மேலூருக்கு வெளியே கொண்டுபோயின.

படி 6: பகிர்வதற்கு முன்

பதிவேற்றிய நேரமும் படம்பிடித்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வெள்ள வீடியோ வந்தால் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். 71 அடி உயர வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. நீர்மட்டம் 50 அடியில் இருக்கும் நாளில் 'அணை திறப்பு, வெள்ளம்' என்று வந்தால், பழைய வீடியோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கீழே வந்திருக்கும் பதில்களையும் படியுங்கள், பெரும்பாலும் யாராவது உண்மையைச் சொல்லியிருப்பார்கள்.

படி 7: புகார், உதவி

ரயில் பெட்டியில் தண்ணீர் வரவில்லை என்றால் எக்ஸில் ரயில்வேயின் புகார்க் கணக்கான ரயில்வே சேவாவைக் குறிப்பிட்டு எழுதலாம். ரயில் எண், பெட்டி எண் பொதுவில் இருக்கட்டும். பிஎன்ஆர், போன் எண் இரண்டையும் தனிச்செய்தியில் மட்டும் கொடுங்கள்.

ரத்தம் வேண்டும் என்ற பதிவுகளுக்கு இன்னும் கவனம் தேவை. பெரியாஸ்பத்திரியில் யாருக்கோ என்று போட்ட பதிவு, நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய் வருடக்கணக்கான பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். உடனிருப்பவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். உண்மையில் ரத்தம் தேவைப்படுகிறவரின் பதிவு அந்தக் கூட்டத்தில் அமுங்கிப்போகும். எழுதும்போது தேதி, ரத்த வகை, எத்தனை யூனிட், எந்த மணிக்குள் என்பதைச் சொல்லுங்கள். பகிரும் முன் அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கிடைத்ததும் 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று புதிய பதிவு போட்டுவிட்டு, எண் உள்ள பழைய பதிவை நீக்கிவிடுங்கள். எக்ஸில் மூலப் பதிவை நீக்கினால் சாதாரண மறுபகிர்வுகளும் (தன் வரி எதுவும் சேர்க்காமல் அப்படியே பகிர்ந்தவை) அதோடு மறைந்துவிடும்.