உடற்பயிற்சிக் கூடத்தில் யாரைப் பாராட்டலாம்?

ஊர் உடற்பயிற்சிக் கூடத்தில் மாதந்தோறும் சிறந்த உறுப்பினரைப் பாராட்டுகிறீர்களா? எடை குறைத்தவருக்கு மட்டும் பரிசு கொடுக்காதீர்கள். சிலர் பட்டினி கிடக்கத் தொடங்கிவிடுவார்கள். அதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், 2 நாள் தசைப் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 4 வாரமும் அந்த அளவை எட்டிய 60 வயது அம்மாவைத்தான் முதலில் மேடையேற்ற வேண்டும். புதியவருக்குப் பொறுமையாகத் தண்டால் எடுக்கக் கற்றுக்கொடுத்தவரையும், கர்லாக்கட்டையை எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பவரையும் மறந்துவிடாதீர்கள். பலகையில் பெயருடன், பாராட்டுக்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். படம் ஒட்டுவதானால் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். பரிசுக்குக் கோப்பை வேண்டாம், நல்ல பருத்தித் துண்டு கொடுங்கள், தினமும் பயன்படும்.