ஆர்டர் படிவத்தைப் பாதியில் விட்டுப் போகிறார்களா? இப்படிச் சரிசெய்யுங்கள்

உங்கள் ஆன்லைன் கடையில் பொருளைக் கூடையில் போடுகிறார்கள், பணம் கட்டாமல் போய்விடுகிறார்கள். உடனே விலையைக் குறைக்கக் கிளம்பாதீர்கள். உங்கள் ஆர்டர் படிவத்தைச் செல்போனில் திறந்துவைத்துக்கொண்டு, வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

படி 1: கேள்விகளை வெட்டுங்கள். பார்சல் போய்ச் சேரப் பெயர், முகவரி, செல் எண் போதும். ஊறுகாய் வாங்குபவரின் பிறந்த தேதி உங்களுக்கு எதற்கு?

படி 2: பட்டனைப் பெரிதாக்குங்கள். தொட வேண்டிய இடம் சிறியதாகவும் தள்ளியும் இருந்தால் கை போய்ச் சேர நேரமாகும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே அளந்து காட்டிவிட்டார். ஆண்ட்ராய்டில் தொடும் பகுதி குறைந்தது 48 டிபி (திரை அளவு அலகு; சுமார் 9 மி.மீ.) இருக்கட்டும் என்கிறது கூகுள். ‘பணம் செலுத்து’ பட்டனை ஒட்டி ‘ரத்து செய்’ வேண்டாம்.

படி 3: முன்கூட்டியே விழுந்திருக்கும் டிக்குகளைப் பாருங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். இருப்பதை அப்படியே விட்டுவிடுவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். ஆய்வாளர்கள் எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் 2003-ல் பல நாடுகளின் உடலுறுப்பு தானச் சம்மதத்தை ஒப்பிட்டார்கள். விரும்புபவர் பதிந்துகொள்ள வேண்டிய ஜெர்மனியில், சம்மதித்தவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் 12 சதவீதம். மறுப்பவர் மட்டும் சொன்னால் போதும் என்றிருந்த ஆஸ்திரியாவில் 99-க்கும் மேல். பக்கத்துப் பக்கத்து நாடுகள், பேசுவதும் ஒரே மொழி!

இவ்வளவு பலம் இருப்பதால்தான் இதில் திருட்டுத்தனமும் அதிகம். ‘பில் முகவரியும் இதுவே’ என்பதற்கு டிக் போட்டு வையுங்கள், வாங்குபவருக்கு வேலை மிச்சம். நன்கொடை, இன்சூரன்ஸ் போன்றவற்றை டிக் இல்லாமல் விடுங்கள். கேட்காமல் கூடையில் எதையாவது சேர்ப்பதை இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்த 13 தந்திரங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது.

படி 4: எவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று காட்டுங்கள். நூனஸ், ட்ரெஸ் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கார் கழுவும் கடையில், கழுவும்போதெல்லாம் ஒரு முத்திரை குத்தி, நிரம்பினால் ஒரு முறை இலவசமாகக் கழுவித் தரும் அட்டையை 2 வகையாகக் கொடுத்தார்கள். ஒன்றில் 8 முத்திரைக் கட்டம், எல்லாம் காலி. இன்னொன்றில் 10 கட்டம், 2 ஏற்கெனவே நிரப்பியது. இரண்டிலும் மிச்சம் 8 தான். ஆனால் முதல் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை 34. உங்கள் படிவத்தின் தலையில் ‘பொருள் ✓ – முகவரி – பணம்’ என்று போடுங்கள். பொருளை அவர் உண்மையிலேயே தேர்ந்தெடுத்துவிட்டதால் இதில் பொய் எதுவும் இல்லை.

படி 5: போனை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து ஆர்டர் போடச் சொல்லுங்கள். நீங்கள் வாயே திறக்கக் கூடாது. விரல் எந்தக் கட்டத்தில் தயங்குகிறதோ, அதைக் குறித்துக்கொண்டு மறுபடி படி 1-க்குப் போங்கள்.