இரண்டடிச் சந்தும் புலப்படமும்: நில அளவை வரைபடத்தை நீதிமன்றத்தில் சான்றாக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நான் பார்த்த எல்லைத் தகராறுகளில் ஏக்கர் கணக்கில் வந்தவை குறைவு. இரண்டு வளவுகளுக்கு (வீட்டு வளாகங்களுக்கு) நடுவே ஓடும் இரண்டடிச் சந்து, பங்காளிகள் பிரித்துக்கொண்ட பின்கட்டின் ஒரு மூலை, ஊருணிக் கரையை ஒட்டிய ஒரு துண்டு என்று சிறிய இடத்துக்கே பெரிய வழக்கு வருகிறது. வழக்குக் கட்டோடு வருபவர் முதலில் எடுத்து நீட்டுவது இணையத்தில் இறக்கிய புலப்படம்தான், அதாவது ஒரு சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசின் அளவைப் படம். "படத்திலேயே போட்டிருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்பார். வேண்டியது நிறைய இருக்கிறது. அதை வழக்குத் தாக்கலுக்கு முன்பே சேர்த்துக்கொள்வது எப்படி என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முதலில், நீதிமன்றம் அந்தப் படத்தை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அரசின் அதிகாரத்தின்கீழ் தயாரான வரைபடம் சரியானது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு. 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் அதே விதி 82-ஆம் பிரிவாக இருக்கிறது. இது அனுமானம் மட்டுமே. எதிர்த்தரப்பு சான்று காட்டி அதை உடைக்கலாம். வருவாய்க்காக எடுக்கப்பட்ட அளவைப் படங்கள் தகுதியுள்ள அலுவலர்களால், ஊரறிய, அறிவிப்புக் கொடுத்துத் தயாரிக்கப்பட்டவை என்பதால், அவை தயாரான காலத்து நிலைமைக்கு மதிப்புள்ள சான்று, ஆனால் முடிவான சான்று அல்ல என்று, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1902-இல் ஜகதீந்திரநாத் ராய் வழக்கில் சொன்னது. இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

நம் மாநிலத்தில் இதன்மேல் இன்னொரு சட்டமும் உண்டு. 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி அளவைப் பணி முடிந்து 13-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை வந்துவிட்டால், எல்லைகள் சரியாகத் தீர்மானிக்கப்பட்டன என்பதற்கு அந்தப் பதிவே முடிவான சான்றாகிவிடும். அதை மாற்ற வேண்டுமென்றால் 14-ஆம் பிரிவின்படி அறிவிக்கை தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். இந்த இரண்டு பிரிவுகளையும் படித்துவிட்டு, "சர்வே முடிந்தது, இடம் எனக்கே" என்று நினைப்பவர்கள் உண்டு. கோடு எங்கே ஓடுகிறது என்பது ஒரு கேள்வி, கோட்டுக்கு உள்ளே இருப்பது யாருடையது என்பது வேறு கேள்வி. படம் பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டுமே. இரண்டாவதற்குக் கிரயப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ வேண்டும். பட்டாகூட உரிமை ஆவணம் ஆகாது. மேலும், நீங்கள் பணம் கட்டி அளவரை வரவழைத்து அளந்து பெற்ற குறிப்பு, ஏற்கெனவே உள்ள கோட்டைத் தரையில் காட்டியதாகத்தான் ஆகும்; அதற்கு 13-ஆம் பிரிவின் பலம் கிடையாது.

இனி ஆவணங்களைச் சேர்க்கும் வேலை. செட்டிநாட்டில் இது மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது, ஏனென்றால் இங்குள்ள நிலங்களில் பெரும்பகுதி சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களில் இருந்தவை. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ரயத்துவாரி முறைக்கு (நிலம் வைத்திருப்பவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறைக்கு) வந்தபோது செட்டில்மெண்ட் பதிவேடு தயாரானது. 1980-களில் யுடிஆர் என்னும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவுகள் மறுபடி எழுதப்பட்டு அளவுகள் ஹெக்டேர், ஏர் (நூறு சதுர மீட்டர்) கணக்குக்கு மாறின. நத்தம் எனப்படும் ஊர்க் குடியிருப்பு நிலத்துக்குத் தனியாக நிலவரித் திட்டம் வந்து தோராயப் பட்டா கொடுக்கப்பட்டது. நகரப் பகுதிகளில் வார்டு, பிளாக் என்று நகர அளவை எண்கள் ஏற்பட்டன. ஒரே மனைக்கு மூன்று எண்கள் இருப்பது இங்கே வியப்பில்லை. ஆகவே இன்றைய புலப்படம் ஒன்றை மட்டும் நம்பாமல், உட்பிரிவு செய்வதற்கு முந்தைய புலப்படம், சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் எழுதிய அ-பதிவேட்டின் நகல், கிராம வரைபடம், பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒப்புநோக்குப் பட்டியல் ஆகியவற்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட நில அளவை அலுவலகத்திலும் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். எண்ணுக்கு எண் சங்கிலி அறுபடாமல் இருந்தால்தான், 1930-களில் எழுதிய பத்திரம் சொல்லும் இடமும் இன்றைய படம் காட்டும் இடமும் ஒன்றே என்று நீதிபதி ஏற்பார்.

அடுத்தது பத்திரத்தையும் படத்தையும் பொருத்திப் பார்ப்பது. பழைய பத்திரங்களில் சர்வே எண்ணே இருக்காது. இன்னார் வீட்டுக்கு மேற்கு, கிழமேல் தெருவுக்கு வடக்கு என்று நான்கெல்லை சொல்லி, "இதற்குள் கிழமேல் ஜாதியடி 60, தென்வடல் ஜாதியடி 160" என்று முடித்திருப்பார்கள். ஜாதியடி என்பது வழக்கமான பன்னிரண்டு அங்குல அடிதான். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளுக்கு இந்த நீளம் இயல்பானதே. கணக்கிட்டால் 9,600 சதுர அடி, அதாவது 22 சென்ட். மெட்ரிக் கணக்கில் சுமார் 8.92 ஏர். பட்டாவில் 8.80 ஏர் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைவது ஏறக்குறைய 128 சதுர அடி. கேட்டால் பெரிதாகத் தோன்றும். 160 அடி நீளத்துக்கும் பரப்பிப் பார்த்தால் அகலத்தில் பத்து அங்குலம்கூட வராது. பக்கத்து வீட்டுக்காரர் இடத்தை அமுக்கிவிட்டார் என்பதற்கு இந்த வித்தியாசம் சான்றாகாது. சுவரின் உள்பக்கம் அளந்தார்களா, வெளிப்பக்கம் அளந்தார்களா என்பதிலேயே அது கரைந்துபோகும். இந்தக் கணக்கை வழக்குப் போடுவதற்கு முன்னால் நீங்களே போட்டுப் பாருங்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் போட்டுக் காட்டும்போது தெரிந்துகொள்வது நல்லதல்ல.

அளவுகோலையும் கவனிக்க வேண்டும். 1:1000 என்ற அளவில் வரைந்த புலப்படத்தில் ஒரு மீட்டர் ஒரு மில்லிமீட்டராக இருக்கும். இரண்டடிச் சந்து 0.6 மில்லிமீட்டர், ஏறத்தாழப் பேனாக் கோட்டின் கனம்தான். 1:5000 கிராம வரைபடத்தில் அந்தச் சந்தைத் தேடவே வேண்டாம். இணையத்தில் எடுத்த அச்சில் தாள் அளவுக்கு ஏற்பப் படம் சுருங்கியும் இருக்கலாம். ஆகவே அச்சிட்ட தாளின்மேல் ஸ்கேல் வைத்து அளந்து வாதிடுவது வீண். படத்தில் எழுதியிருக்கும் எண்கள்தான் பேசும்: மூலைவிட்டக் கோட்டின் நீளம், அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் எடுத்த செங்குத்துத் தூரம், பக்கங்களின் நீளம். பழைய படமாக இருந்தால் அவை லிங்க் கணக்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறு லிங்க்.

எண், பரப்பு, எல்லை மூன்றும் முரண்பட்டால் எது நிற்கும் என்பது அடிக்கடி வரும் கேள்வி. நான்கெல்லை தெளிவாக இருந்தால் பரப்பளவைவிட எல்லைக்கே பொதுவாக முன்னுரிமை. சியோதியான் சிங் வழக்கில் மனை எண் 1060 என்பதற்குப் பதிலாக 160 என்று எழுதப்பட்டிருந்தது. எல்லைகளும் பரப்பும் பொருந்தியதால் அது வெறும் விவரிப்புப் பிழை என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. ஆனால் "வடக்கே காலிமனை" என்பதுபோன்ற நெகிழும் எல்லையை வைத்துக்கொண்டு இந்த விதியை நம்பிப் போகாதீர்கள்.

நத்தத்தில் படத்தின் பலம் இன்னும் குறையும். நிலவரித் திட்டத்து அளவர் வந்தபோது இருந்ததை அளந்து எழுதினார். அறுபது, எழுபது ஆண்டுகளாக நிற்கும் செம்புராங்கல் சுவரை, அதற்குப் பிறகு வரைந்த படத்தின் கோடு தள்ளிவிடாது. இங்கே நீதிபதி பார்ப்பவை வேறு: ஓட்டு வாரத்திலிருந்து மழைநீர் யார் பக்கம் விழுகிறது, சுவரின் அடித்திண்டு எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது, சந்துக்குள் யாருடைய கதவு திறக்கிறது, சாளரத்துக்கு என்ன வயது. இவற்றைப் படம் எடுத்து வையுங்கள்.

வழக்குக்காகவே தனியார் அளவரைக் கொண்டு வரையும் படத்துக்கு மேலே சொன்ன அனுமானம் கிடையாது. அது சரியானது என்று மெய்ப்பிக்க வேண்டும். வரைந்தவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். வண்ணமும் செயற்கைக்கோள் படமும் சேர்த்து அழகாகச் செய்திருந்தாலும் இதில் மாற்றமில்லை.

எல்லாவற்றையும்விட அதிக எடை பெறுவது, நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் அளவரோடு வந்து அளந்து தரும் அறிக்கையும் வரைபடமும்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9-இன்கீழ் இடைக்கால மனு போட்டு இதைக் கேட்க வேண்டும். எல்லையை அடையாளம் காண்பதே தகராறு என்றால் ஆணையரை நியமித்து அளப்பதே முறை என்று ஸ்ரீபத் வழக்கிலும் (2000) அரியானா வக்ஃபு வாரிய வழக்கிலும் (2008) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இடம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று ஆணையரைப் பார்த்து வரச் சொல்லி மனுப் போட்டால் தள்ளுபடி ஆகலாம். அதை நீங்கள்தான் சாட்சியால் நிறுவ வேண்டும். எந்தப் புலப்படத்தின்படி, எந்தப் பத்திரத்தின்படி அளக்க வேண்டும், படத்தில் எவற்றைக் குறிக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள்.

அளக்கும் நாளில் கட்டாயம் அங்கே நில்லுங்கள். அளவர் எங்கிருந்து தொடங்குகிறார் என்பதே முக்கியம். மூன்று எல்லைகள் சந்திக்கும் கல், ஊர் எல்லைக் கல் போன்ற, இரு தரப்பும் மறுக்காத நிலைப்புள்ளியிலிருந்து தொடங்கினால் அறிக்கை நிற்கும். ஒரு வழக்கில், வெயில் தாளாமல் தகராறுச் சுவரின் மூலையிலேயே நாடாவைப் பிடித்துத் தொடங்கிவிட்டார்கள். எந்தச் சுவர் தவறென்று கேட்டோமோ அதையே அடிப்படையாக வைத்த அறிக்கை எதற்கும் பயன்படாமல், ஓராண்டு கழித்து இரண்டாம் முறை அளக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குச் சந்தில் நின்ற ஓர் ஆச்சி, "எங்க அப்பச்சி காலத்துலேருந்து இந்தத் தண்ணி இந்தப் பக்கந்தான் விழுகுது" என்று ஆணையரிடம் சொன்னார். உண்மையாகவே இருக்கலாம். அதை அறிக்கையில் எழுதிவிட்டால் போதாது. ஆச்சி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

அறிக்கை தாக்கலானதும் குறை இருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். விதி 10-இன்படி அறிக்கை வழக்கின் சான்றாகிவிடும். ஆணையரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க நீதிமன்ற அனுமதி கேட்கலாம். ஆட்சேபணை கொடுக்காமல் மேல்முறையீட்டில் போய் அளவு தப்பு என்றால் கேட்பாரில்லை. ஊருணி, கண்மாய், பாதை சம்பந்தப்பட்டிருந்தால் அரசையோ உள்ளாட்சியையோ தரப்பாகச் சேர்க்க மறக்காதீர்கள். உரிமையே மறுக்கப்படும்போது வெறும் தடையுத்தரவு மட்டும் கேட்காமல், உரிமை உங்களுக்கே என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகையும் கேளுங்கள்.

தீர்ப்பு சாதகமாக வந்தால், ஆணையர் வரைபடத்தைத் தீர்ப்பாணையின் பகுதியாக இணைக்கும்படி கேட்டுப் பெறுங்கள். இணைக்காமல் விட்டால், நிறைவேற்று மனுவின்போது நீதிமன்ற ஊழியரான அமீனா கல் ஊன்ற வரும் காலையில் அதே இரண்டடிக்கு மறுபடி நாடா பிடிக்க நேரும். கல் ஊன்றிய பிறகு, தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலோடு வட்டாட்சியரிடம் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, புதிய புலப்படத்தில் அந்தக் கோடு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.