காமன் ஆப்பில் 5 கட்டம்: எந்த விருதைப் போடலாம், எதை விடலாம்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் காமன் ஆப்பில் விருதுகளுக்கென்று இருப்பது 5 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 100 எழுத்துகள்தான், இடைவெளியும் கணக்கில் சேரும். எந்த வகுப்பில் கிடைத்தது, பள்ளி, மாநிலம் அல்லது வட்டாரம், தேசியம், சர்வதேசம் என்பதில் எந்த அளவிலானது என்று டிக் செய்யவும் வேண்டும். இவ்வளவு சின்ன இடத்தில்தான் ஏகப்பட்ட சொதப்பல் நடக்கிறது.

முதல் சொதப்பல், அந்தப் பகுதி எதைக் கேட்கிறது என்று பார்க்காமலே நிரப்புவது. 9-ஆம் வகுப்பு முதல் படிப்பில் பெற்ற சிறப்புகளைத்தான் அது கேட்கிறது. ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைப் பிழையில்லாமல் சொல்லும் ஸ்பெல்லிங் பீ போட்டிக் கோப்பை வைத்திருக்கும் வீடுகளுக்கு இது வருத்தமான செய்தி. ஸ்கிரிப்ஸ் தேசியப் போட்டியே 8-ஆம் வகுப்போடு முடிந்துவிடுகிறது, ஆகவே அதற்கு இங்கே இடமில்லை. நீச்சல் பதக்கமும் நாட்டியப் பரிசும் செயல்பாடுகள் பகுதிக்குப் போக வேண்டியவை. அங்கே 10 இடங்கள் உண்டு, விவரிக்க 150 எழுத்துகளும் உண்டு. விவாதப் போட்டிப் பரிசை அங்கேயே விவாதக் குழுவோடு சேர்த்து எழுதிவிட்டால் இங்கே ஒரு கட்டம் மிச்சம். ஒரே பரிசை இரண்டு இடத்திலும் எழுதுவது வீண்.

அடுத்தது, காசு கொடுத்து வாங்கும் கௌரவம். தங்க முத்திரை பதித்த கடிதம் வரும்: 'உங்கள் மகள் தேசிய அளவில் தேர்வாகியிருக்கிறார்.' கடைசிப் பக்கத்தில் கட்டண விவரம் இருக்கும். இதில் யாராவது நிராகரிக்கப்பட்டார்களா, பணம் கட்டாவிட்டாலும் விருது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் 'இல்லை' என்றால் கடிதம் குப்பைத் தொட்டிக்கு. சேர்க்கை அலுவலர்கள் இந்தப் பெயர்களை ஆண்டுதோறும் பார்ப்பவர்கள். இதைப் போட்டால் பக்கத்தில் இருக்கும் நல்ல விருதின் மீதும் சந்தேகம் விழும்.

அமைப்பின் பெயரில் 'நேஷனல்' என்று இருப்பதாலேயே தேசிய அளவு என்று டிக் செய்வதும் தப்பு. நன்றாகப் படிக்கும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நேஷனல் ஹானர் சொசைட்டிக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது அந்தந்தப் பள்ளியின் கிளை. என்னைக் கேட்டால் அது பள்ளி அளவுதான். ஏ.பி. ஸ்காலர் வேறு கதை: பள்ளியிலேயே எழுதும் கல்லூரி அளவிலான ஏ.பி. தேர்வுகளில் 3 தேர்வுகளிலாவது 3 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வாங்கிய எல்லோருக்கும் அது வரும். ஏ.பி. மதிப்பெண்களைத்தான் தனியாகவே தரப்போகிறீர்கள் என்றால் இந்தப் பட்டம் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. வேறு எதுவும் இல்லாதபோது போடலாம்.

பி.எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணை வைத்து நடக்கும் நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டியில் தேதியைக் கவனியுங்கள். அரையிறுதியாளர் பட்டியல் செப்டம்பரில் வரும், ஏறத்தாழ 16,000 பேர். அதற்குக் கீழே பாராட்டுப் பெற்றவர்கள் 34,000 பேர் அளவில். இறுதியாளர் யார் என்று தெரிவதோ பிப்ரவரியில். நவம்பரில் அனுப்பும் விண்ணப்பத்தில் 'ஃபைனலிஸ்ட்' என்று எழுதினால், படிப்பவருக்கு அந்த நொடியே விஷயம் புரிந்துவிடும்.

வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தெரியாமல் நல்ல விருதைக் கெடுப்பவர்களும் உண்டு. 'கணிதத் திறமைக்காக மதிப்புமிக்க மூன்றாம் பரிசு வென்றேன்' என்பதில் ஒரு தகவலும் இல்லை. 'மாநிலக் கணிதப் போட்டி, 3-ஆம் இடம், 400 பேரில்' என்றால் எடை தெரிகிறது. சுருக்கப் பெயர்களையும் விரித்துவிடுங்கள். ஏ.எம்.சி. கணிதப் போட்டியில் நன்றாகச் செய்தவர்கள் போகும் அடுத்த சுற்று ஏ.ஐ.எம்.இ. 'ஏ.ஐ.எம்.இ. தகுதி' என்றால் எம்.ஐ.டி.க்குப் புரியும், சின்னக் கலைக் கல்லூரியில் விண்ணப்பத்தைப் படிக்கும் அலுவலருக்குப் புரிய வேண்டியதில்லை. 'ஏ.எம்.சி. 12 கணிதப் போட்டியில் அடுத்த சுற்றுக்குத் தேர்வு' என்று சேர்த்தால் போதும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தனி விண்ணப்பம், விருதுக்கான தகுதி என்ன என்பதைத் தனிக் கட்டம் வைத்தே கேட்கிறது.

5 கட்டமும் நிரம்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு உருப்படியான விருதுகளுக்குக் கீழே முழு வருகைச் சான்றிதழைப் போடுவதைவிட, அந்த இடத்தைக் காலியாக விடலாம். வலுவானது மேலே இருக்கட்டும். விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு பெரிதாக ஏதாவது கிடைத்தால், புதிய தகவலை ஏற்கும் கல்லூரிகளுக்கு அவர்களின் போர்ட்டல் வழியாகவோ பள்ளிக் கவுன்சலர் மூலமாகவோ தெரிவிக்கலாம்.