ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர்கள் எஸ்.பி.எஸ். தமிழை எப்படிக் கேட்கலாம்

வந்து இறங்கிய முதல் மாதம் வீடு, வங்கி, டாக்டர், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழும், தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதனால் முதலில் போனில், பல மொழிகளில் ஒலிபரப்பும் ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.பி.எஸ்.ஸின் வானொலியைக் கேட்க உதவும் எஸ்.பி.எஸ். ஆடியோ செயலியை இறக்கி, தமிழைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். காசு கிடையாது. செய்தி, பேட்டி எல்லாம் இருக்கும், ஆனால் நீங்கள் தேட வேண்டியது ‘ஆஸ்திரேலியா எக்ஸ்பிளெய்ன்ட்’ தொடரை. புதிதாகக் குடியேறியவர்களுக்காகவே செய்கிறார்கள்.

இந்த வானொலி பிறந்ததே இதற்காகத்தான். 1975 ஜூலையில் மெடிபேங்க் என்ற பொது மருத்துவக் காப்பீடு தொடங்க இருந்தது. ஆங்கிலம் தெரியாத குடியேறிகளுக்கு அதைப் புரியவைக்க ஜூன் மாதமே சிட்னியில் 2ஈஏ, மெல்பர்னில் 3ஈஏ என்று இரண்டு நிலையங்களைத் திறந்தார்கள். ஏழெட்டு மொழிகளில் ஆரம்பித்தது இன்று 60க்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிக்கிறது.

சரி, எப்படிக் கேட்பது? வரிசையாக வேண்டாம். இந்த வாரம் எது தலைபோகிற வேலையோ அதைத் தேடிக் கேளுங்கள், பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். விஷயத்தைத் தமிழில் புரிந்துகொண்டாலும் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கவுன்டரில் போய் நிற்கும்போது அந்தச் சொல்தான் கைகொடுக்கும். சமைத்துக்கொண்டே கேட்டு எழுதிய என் நோட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் கறையோடு பாண்ட் (வாடகை வீட்டுக்குக் கட்டும் முன்பணம்), கண்டிஷன் ரிப்போர்ட், ஜி.பி. (பொது மருத்துவர்), ரெஃபரல் (சிறப்பு மருத்துவரிடம் போக அவர் தரும் கடிதம்), பல்க் பில்லிங் (நம்மிடம் காசு வாங்காமல் டாக்டர் அரசிடமே கட்டணம் வாங்கிக்கொள்வது) எல்லாம் இன்னும் இருக்கின்றன.

அதில் கண்டிஷன் ரிப்போர்ட்டை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். வாடகை வீட்டுக்குள் போகும்போது சுவர், தரை, அடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதித் தரும் படிவம் அது. முதல் வீட்டில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன், காலி செய்யும்போது சமையல் மேடையில் ஏற்கெனவே இருந்த சூட்டுத் தழும்புக்கு என் பாண்டில் பணம் பிடித்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் பெட்டியை இறக்கும் முன்பே அறை அறையாகப் போட்டோ எடுத்து, படிவத்தில் எழுதி, நகல் வைத்துக்கொண்டேன். நியூ சவுத் வேல்ஸில் குடிபுகுந்த பிறகு இதைத் திருப்பிக் கொடுக்க 7 நாள்தான்.

அப்புறம், எந்த நிகழ்ச்சியானாலும் ஒலிபரப்பான தேதியைப் பாருங்கள். கட்டணமும் விதியும் மாறும், வாடகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அதனால் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அரசு அலுவலகத்தோடு ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண்ணான 131 450க்கு அழைத்து ‘தமிழ்’ என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரோடு இணைப்பார்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்கள் போனிலும் இந்தச் செயலியைப் போட்டுக் கொடுங்கள். கடலில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும்தான் இறங்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னது அம்மாதான், நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ரேடியோவில் கேட்டுவிட்டு.